ஒரே ஒரு ஃபைட்டர் மீனுக்குச் சின்னத் தொட்டி: எதை எடுப்பது?

மாலைத்தூறல் எழுதியது:

வணக்கம். ஒரு ஆண் ஃபைட்டர் மீன் வளர்க்க ஆசை. ஹாஃப்மூன் வகை, நீண்ட வால் உள்ளது. மீனை இன்னும் வாங்கவில்லை. தொட்டியை வாங்கித் தயார் செய்த பிறகுதான் மீன் என்று வைத்திருக்கிறேன்.

மூன்று தொட்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது, பக்கத்துக்கு 17 செ.மீ. உள்ள கனசதுரம். கிட்டத்தட்ட 5 லிட்டர், விளக்கோடு சேர்த்தே வருகிறது, பார்க்க அவ்வளவு அழகு. இரண்டாவது உயரமான உருளை, 20 செ.மீ. விட்டம், 40 செ.மீ. உயரம். மூன்றாவது வழக்கமான செவ்வகக் கண்ணாடித் தொட்டி, 40 × 25 × 25 செ.மீ.

எழுதும் மேசையின் ஓரத்தில் வைக்கப்போகிறேன். செவ்வகத் தொட்டி வந்தால் மேசையில் நல்ல பங்கு போய்விடும். "ஃபைட்டருக்கு இடமே வேண்டாம், குடுவையிலேயே இருக்கும், சின்னத் தொட்டிதான் பராமரிக்க எளிது" என்று பலர் சொல்கிறார்கள். உங்கள் அனுபவம் என்ன?

ஜாவாபாசி எழுதியது:

செவ்வகத்தை எடுங்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் "குடுவையிலேயே இருக்கும்" என்ற பேச்சு இந்த மீனுக்குச் செய்திருக்கும் கெடுதல் அதிகம்.

ஃபைட்டரின் பூர்வீகம் தாய்லாந்து. அந்த நாடு 2019இல் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. அங்கே இது நெல்வயல், சதுப்பு, மெதுவாக ஓடும் வாய்க்கால் போன்ற இடங்களில் இருக்கிறது. ஆழம் குறைவு, செடி கொடி அடர்த்தி. ஆழம் குறைந்த நீர் என்பதைத்தான் "கொஞ்சம் நீர்" என்று ஆக்கிவிட்டார்கள். முழங்கால் அளவு நீர் நிற்கும் வயல் எவ்வளவு பரந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

குடுவையில் உடனே சாகாமல் இருப்பதற்குக் காரணம், அதற்குச் செவுளோடு கூடுதலாக ஒரு சுவாச உறுப்பு இருப்பது. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்த உறுப்பால் மேலே வந்து காற்றை நேரடியாக விழுங்கி மூச்சு விடும். நம் பனையேறிக் கெண்டைக்கும் இதே வசதி உண்டு. ஆக்சிஜன் குறைந்த நீரில் பிழைக்க அது உதவும். அழுக்கு நீரில் இருந்து காப்பாற்றாது. மீன் கழிவில் இருந்து வரும் அம்மோனியா செவுளை எரிக்கத்தான் செய்யும், வேறு வழியில் காற்று எடுத்தாலும்.

இப்போது பராமரிப்பு. ஒரே மீன், ஒரே அளவு தீவனம் என்றால் ஒரு நாளில் வெளியேறும் கழிவும் ஒரே அளவுதான். அது 5 லிட்டரில் கரைவதற்கும் 20 லிட்டரில் கரைவதற்கும் நான்கு மடங்கு வித்தியாசம். தின்னாத ஒரு தீவன உருண்டை மூலையில் அழுகினால்கூட 5 லிட்டரில் அன்றே தெரியும். பெரிய தொட்டியில் கவனித்து எடுத்துவிட உங்களுக்கு அவகாசம் கிடைக்கும். ஒருவர் புதிதாகத் தொடங்கும்போது அவருக்கு மிகவும் தேவைப்படுவது இந்த அவகாசம்தான். ஆகவே சின்னத் தொட்டி எளிது என்பதை நான் ஏற்கவே மாட்டேன். அது தினமும் கண்ணும் கையும் கேட்கும்.

கண்ணாடிக்கூடு எழுதியது:

நானும் செவ்வகம்தான் சொல்வேன். ஆனால் விளம்பரத்தில் உள்ள லிட்டரை நம்பி முடிவு செய்யாதீர்கள், உள்ளே நிஜமாக எவ்வளவு நீர் நிற்கும் என்று ஒரு முறை கணக்குப் போடுங்கள்.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். 40 × 25 × 25 என்றால் 25 லிட்டர். இது வெளி அளவு. 5 மி.மீ. கண்ணாடி என்றால் உள்ளே 39 × 24 தான். மேலே மூன்று செ.மீ. காலியாக விட்டால் நீர் மட்டம் 21.5 செ.மீ. ஆக 20 லிட்டர். அடியில் மூன்று செ.மீ. கூழாங்கல் போட்டால் அது இன்னும் ஒன்றரை, இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளும். கையில் நிற்பது 18 லிட்டர் நீர். ஒரு ஃபைட்டருக்கு இது போதும், ஆனால் 25 என்று நினைத்து மருந்தோ குளோரின் நீக்கியோ அளக்கக் கூடாது.

இதே கணக்கை அந்த 5 லிட்டர் கனசதுரத்துக்குப் போட்டால் மூன்றரை லிட்டர் தேறுவதே கஷ்டம். அதில் ஹீட்டரும் ஃபில்டரும் வைத்தால் மீன் எங்கே திரும்பும்?

உருளையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது 12 லிட்டருக்கு மேல் பிடிக்கிறது, எண்ணைப் பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும். அதன் நீர்ப்பரப்பு சுமார் 314 சதுர செ.மீ. செவ்வகத்தின் பரப்பு 1000. மூன்று மடங்குக்கும் மேல். காற்றும் நீரும் தொடும் இடம் அந்தப் பரப்புதான். அதோடு ஹாஃப்மூன் மீனின் வால் அதன் உடம்புக்கே பாரம். ஒவ்வொரு முறை மூச்செடுக்கவும் 35 செ.மீ. ஏறி வர வேண்டும் என்றால் அது சோர்ந்து அடியிலேயே படுத்துவிடும். இந்த வகைக்கு நீளம் வேண்டும், உயரம் வேண்டாம். நீர் மட்டம் 20, 25 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

வளைந்த கண்ணாடி காட்சியையும் சிதைக்கும். மீன் வெளியே பார்ப்பதும் நாம் உள்ளே பார்ப்பதும் இரண்டுமே கோணலாக இருக்கும்.

தெளிநீர் எழுதியது:

> சின்னத் தொட்டி எளிது என்பதை நான் ஏற்கவே மாட்டேன்

கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபைட்டரை இனப்பெருக்கம் செய்பவர்கள் ஆண் மீன்களை வரிசையாகச் சின்ன ஜாடிகளில்தானே வைக்கிறார்கள்? அங்கே ஆரோக்கியமான, பளபளக்கும் மீன்களைப் பார்த்திருக்கிறேன். நானே 10 லிட்டர் தொட்டியில் வளர்க்கிறேன். செடி நிறைய, நீர் மாற்றுவது அடிக்கடி, தீவனம் அளவாக. மீன் நுரைக்கூடு (முட்டைகளுக்காக ஆண் மீன் நீர்ப்பரப்பில் கட்டும் குமிழிக் கூடு) கட்டுகிறது, சுறுசுறுப்பாக இருக்கிறது. 20 லிட்டருக்குக் கீழே வைத்தாலே கொடுமை என்பதுபோலப் பேசினால் இடம் இல்லாதவர்கள் விலகித்தான் போவார்கள்.

ஜாவாபாசி எழுதியது:

தெளிநீர், உங்கள் 10 லிட்டரைக் கொடுமை என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் நீர் மாற்றுகிறீர்கள், அளவாகத் தீவனம் போடுகிறீர்கள், செடி வைத்திருக்கிறீர்கள். அந்தக் கை பழகிய கை. மாலைத்தூறல் இப்போதுதான் தொடங்குகிறார்.

ஜாடி விஷயம் வேறு. ஆண்களைச் சேர்த்து விட்டால் ஒன்றையொன்று கிழித்துவிடும் என்பதால் விற்கும்வரை பிரித்து வைக்கிறார்கள். அங்கே நீர் மாற்றுவதே ஒருவருடைய முழுநேர வேலை. அதுவும் சில மாதக் காலம். ஃபைட்டர் நன்றாகப் பார்த்துக்கொண்டால் மூன்று, நான்கு ஆண்டு வாழும். அத்தனை காலம் ஜாடியில் வைத்துப் பார்க்க யாரும் அந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை.

நுரைக்கூட்டை வைத்து மட்டும் மீன் நலம் என்று முடிவு செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த ஆண் மீன் மோசமான நீரிலும் கூடு கட்டும். துடுப்பு ஓரம் கிழியாமல் இருக்கிறதா, தீவனத்துக்கு ஓடி வருகிறதா, தொட்டி முழுக்கச் சுற்றுகிறதா என்பவைதான் நம்பகமான அறிகுறிகள்.

தெளிநீர் எழுதியது:

நுரைக்கூடு பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். புதியவருக்கு 20 லிட்டர் பக்கம் போகச் சொல்வதிலும் எனக்கு மறுப்பில்லை. 10 லிட்டரில் முடியும், ஆனால் ஒரு வாரம் ஊருக்குப் போனால் மனது அங்கேயே இருக்கும். அது உண்மை.

கணக்குப்புலி எழுதியது:

நீர் மாற்றுவதைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. தொட்டி பக்குவப்பட்ட பிறகு, அதாவது கழிவை மாற்றும் பாக்டீரியா பெருகிய பிறகு, கடைசியில் சேர்வது நைட்ரேட். வாரத்துக்கு அது 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 25 சதவீத நீரை மாற்றினால், போகப் போக, மாற்றும் நாளன்று நைட்ரேட் 40இல் போய் நிலைக்கும். 50 சதவீதம் மாற்றினால் 20இல் நிலைக்கும். (ஏறும் அளவை, மாற்றும் பங்கால் வகுத்தால் போதும்.) இதே மீனைப் பாதி அளவு தொட்டியில் விட்டால் வார ஏற்றம் 20 ஆகிவிடும். 25 சதவீத மாற்றத்தில் அது 80இல் போய் நிற்கும்.

18 லிட்டரில் பாதி என்பது 9 லிட்டர். ஒரு வாளி. ஒருவர் சிரமமில்லாமல் தூக்கலாம். என் பார்வையில் இந்த அளவுத் தொட்டியின் பெரிய வசதியே அதுதான், வார வேலை ஒரு வாளியில் முடிந்துவிடுகிறது.

ஆவியான நீருக்குப் பதில் ஊற்றுவதை நீர் மாற்றம் என்று எண்ண வேண்டாம். ஆவியில் நீர் மட்டும் போகும், நைட்ரேட்டும் உப்புகளும் உள்ளேயே தங்கும்.

மாலைத்தூறல் எழுதியது:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. கனசதுரத்தையும் உருளையையும் விட்டுவிட்டேன். செவ்வகம்தான்.

இன்னும் சில கேள்விகள். மேசை எடை தாங்குமா? ஃபில்டர் அவசியமா, சத்தம் வருமா? அதே அறையில்தான் தூங்குகிறேன். ஹீட்டர் வேண்டுமா?

கண்ணாடிக்கூடு எழுதியது:

எடை: நீர் 18 கிலோ, கண்ணாடி ஐந்து கிலோவுக்குச் சற்று மேல், கூழாங்கல் நான்கைந்து கிலோ. மொத்தம் 30 கிலோவுக்குள் வரும். உறுதியான மர மேசை தாங்கும். கால் ஆடும் மேசை, நடுவில் வளையும் மெல்லிய பலகை என்றால் வேண்டாம். காலியாக இருக்கும்போதே மட்டக்கோல் வைத்துப் பாருங்கள். அடியில் சட்டம் இல்லாத தொட்டி என்றால் மெல்லிய ஃபோம் விரிப்பு போட்டு அதன் மேல் வையுங்கள். அடியில் பிளாஸ்டிக் சட்டம் இருந்தால் விரிப்பு தேவையில்லை, சட்டமே எடையைத் தாங்கும்.

கணினியும் மின்பலகையும் அதே மேசையில் இருந்தால் ஒயர்களை நேராகக் கொண்டுபோய்ச் சொருக வேண்டாம். ஒவ்வொரு ஒயரும் சொருகும் இடத்துக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலே ஏற வேண்டும். ஒயர் வழியே வழியும் நீர் அந்த வளைவில் சொட்டி விழுந்துவிடும், சுவிட்சுக்குள் போகாது.

குமிழிக்காற்று எழுதியது:

ஃபில்டர் வேண்டும். அது அழுக்கை வடிகட்டும் கருவி என்பதைவிட, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியிருக்கும் இடம் என்று பாருங்கள். இந்த அளவுக்கு நான் எப்போதும் சொல்வது சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதை ஓட்ட ஒரு ஏர் பம்ப். இழுப்பு மென்மையாக இருக்கும், ஹாஃப்மூன் வால் மாட்டிக்கொள்ளாது. தொங்கும் வகை ஃபில்டரில் நீர் கொட்டும் வேகம் இந்த மீனைத் தள்ளிக்கொண்டு போகும். அதுதான் கையில் இருக்கிறது என்றால் நீர் விழும் வாயில் ஒரு துண்டு ஸ்பாஞ்சை வைத்து வேகத்தைக் குறையுங்கள்.

சத்தம் வருவது பெரும்பாலும் பம்ப் மேசையில் நேரடியாக உட்கார்ந்து அதிர்வதால். மடித்த துணி மேல் வையுங்கள். காற்றுக் குழாயில் ஒரு கட்டுப்பாட்டு வால்வு போட்டு மெல்லிய குமிழியாகக் குறைத்துக்கொண்டால் தூக்கம் கெடாது. பம்ப் நீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் திரும்பு தடுப்பு வால்வு கட்டாயம். மின்சாரம் போனதும் நீர் குழாய் வழியே திரும்பி இறங்கி பம்ப்புக்குள் வந்துவிடும். இந்தச் சின்னப் பொருளை விட்டுவிடாதீர்கள்.

ஸ்பாஞ்சைக் கழுவும்போது குழாய் நீரில் காட்ட வேண்டாம். தொட்டியில் இருந்து எடுத்த பழைய நீரிலேயே பிழிந்து மறுபடி வையுங்கள். குளோரின் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

ஜாவாபாசி எழுதியது:

ஹீட்டர்: வாங்கும் முன் ஒரு வாளி நீரைத் தொட்டி வரப்போகும் அதே இடத்தில் வைத்து, சில நாள் விடிகாலையிலும் மதியத்திலும் வெப்பமானி போட்டுப் பாருங்கள். எல்லா நேரமும் 24 முதல் 28 டிகிரி செல்சியஸுக்குள் நின்றால் இப்போதைக்குத் தேவையில்லை. இரவில் அதற்குக் கீழே இறங்கினால் தேவை. பருவம் மாறும்போது மறுபடி பார்க்க வேண்டும். இந்த மீனுக்குக் குளிர் ஆகாது, சாப்பாடு குறையும், மந்தமாகும், நோய் எளிதில் பிடிக்கும். ஏர் கண்டிஷனர் ஓடும் அறை என்றால் நான் யோசிக்காமல் ஹீட்டர் போடுவேன்.

18 லிட்டருக்கு 25 வாட் சரியாக இருக்கும். இங்கேயும் நீரின் அளவு உதவிக்கு வருகிறது. ஹீட்டர் பழுதாகி அணையாமல் நின்றுவிட்டால், வெளியே போகும் வெப்பத்தைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், 25 வாட் 5 லிட்டர் நீரை மணிக்கு நான்கு டிகிரிக்கு மேல் ஏற்றும். 20 லிட்டரில் மணிக்கு ஒரு டிகிரிதான். மீன் வெந்துபோவதற்கும் நீங்கள் வந்து பார்த்துப் பிடுங்குவதற்கும் இடையே உள்ள வித்தியாசம் அது.

அல்லித்தண்டு எழுதியது:

செடி பற்றி யாரும் பேசவில்லையே. இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறும் கல்லும் பொம்மைக் கோட்டையுமாக விட்டுவிடாதீர்கள்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா பாசி மூன்றும் குறைந்த வெளிச்சத்தில் வளரும், உரம் கேட்காது. முதல் இரண்டையும் கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டுங்கள். வேர்த்தண்டைக் கூழாங்கல்லுக்குள் புதைத்தால் அழுகிவிடும். அனுபியாஸின் அகலமான ஓர் இலை நீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரும்படி கட்டினால் ஃபைட்டர் அதில் வந்து படுத்துக்கொள்ளும். மேலே மூச்செடுக்கவும் கீழே ஓய்வெடுக்கவும் அதற்கு அதிக தூரம் இருக்காது. நான் வளர்த்த எல்லா ஹாஃப்மூன்களும் இப்படி ஒரு இலையைத் தங்களுக்கு என்று பிடித்துக்கொண்டன.

பிளாஸ்டிக் செடி வைத்தே ஆக வேண்டும் என்றால் பழைய நைலான் காலுறையை அதன் மேல் இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் வாலும் கிழியும்.

காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றைப் போட்டால் நீர் தேநீர் நிறமாகும். பயப்பட வேண்டாம், அது டானின், இலையில் இருந்து கரையும் துவர்ப்புப் பொருள். இந்த மீன் வாழும் இயற்கை நீருக்கும் அந்த நிறம் உண்டு. பூச்சிமருந்து படாத மரத்தின், தானாக உதிர்ந்த இலையாக இருக்கட்டும்.

மாலைத்தூறல் எழுதியது:

அருமை. இன்னொன்று: தொட்டி தயாரானதும் அன்றே மீனை விடலாமா? கூட இரண்டு கப்பி விடலாமா? ஒற்றையாக இருக்கிறதே என்று தோன்றுகிறது.

கணக்குப்புலி எழுதியது:

அன்றே வேண்டாம். குமிழிக்காற்று சொன்ன பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் இல்லாமலேயே ஃபில்டரை ஓட்டி, தினம் ஒரு சிட்டிகை தீவனம் போட்டு அழுக விடுங்கள். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு நைட்ரைட் ஏறும், இரண்டும் சுழியத்துக்கு வந்து நைட்ரேட் தெரிந்தால் தயார். சொட்டு மருந்து வகைச் சோதனைப் பெட்டி ஒன்று அவசியம், கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. யாராவது நோய் இல்லாத பழைய தொட்டியின் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கொடுத்தால் இந்தக் காலம் நன்றாகவே குறையும்.

பிஎச் அளவையும் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) பாருங்கள். 25 டிகிரியில், பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் நூற்றில் ஐந்துக்கு மேல். கடின நீருக்குப் பெரும்பாலும் பிஎச் கூடுதலாக இருக்கும், ஆகவே சோதனையில் ஒரே எண் வந்தாலும் கடின நீர் உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

குழாய் நீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும். குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்திருந்தால் போகாது. எது என்று தெரியாதவரை குளோரின் நீக்கி ஊற்றுவதே பாதுகாப்பு.

அல்லித்தண்டு எழுதியது:

கப்பி வேண்டாம். அதன் வண்ண வாலை இன்னொரு ஆண் ஃபைட்டர் என்று நினைத்துத் துரத்தும். 18 லிட்டரில் ஓடி ஒளிய இடமும் இல்லை. ஒற்றையாக இருப்பது இந்த மீனுக்கு வருத்தம் தராது, தன் எல்லைக்குள் வேறு மீன் வராமல் இருப்பதையே அது விரும்பும். துணை வேண்டும் என்றால் ஒரு நெரைட் நத்தை விடுங்கள், கண்ணாடிப் பாசியைத் தின்னும். சில ஃபைட்டர்கள் நத்தையின் உணர்கொம்பையும் கொத்தும், முதல் சில நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலைத்தூறல் எழுதியது:

சரி, ஒரு மீன் மட்டும். முதலில் தொட்டியும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் சோதனைப் பெட்டியும் வாங்குகிறேன், ஹீட்டரை வாளிச் சோதனைக்குப் பிறகு முடிவு செய்கிறேன். கடைசியாக ஒன்று. இந்தத் தொட்டிக்கு மூடி வரவில்லை. கொசுவலை கட்டினால் போதுமா?

கண்ணாடிக்கூடு எழுதியது:

ஃபைட்டர் குதிக்கும், நீர் சுத்தமாக இருந்தாலும் குதிக்கும். மூடி இல்லாமல் மீனை விடாதீர்கள். வலை குதிப்பதைத் தடுக்கும், ஆனால் நீருக்கு மேலே உள்ள காற்றை வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் வைத்திருக்காது. அது விழுங்குவது அந்தக் காற்றைத்தான். 4 மி.மீ. கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ வெட்டி வாங்குங்கள். அக்ரிலிக் ஈரத்தில் மெல்ல வளையும். ஒரு மூலையை மட்டும் வெட்டிவிடச் சொல்லுங்கள், ஒயரும் காற்றுக் குழாயும் அதன் வழியே வரும், காற்றோட்டமும் கிடைக்கும். மீதி இடைவெளி எதுவும் விரல் நுழையும் அளவுக்கு இருக்கக் கூடாது.

தொட்டி வந்ததும் கல், செடி எதுவும் போடாமல் நீர் நிரப்பி ஒரு முழு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நான்கு ஓரத்திலும் காகிதத்தை வைத்து ஈரம் வருகிறதா என்று பார்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். சிலிகான் வாசம் வினிகர் போல அடித்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம், வாசம் போகும்வரை திறந்து வையுங்கள்.